மூன்று கரை, ஒரு பனியாறு: சேலத்திலிருந்து அலாஸ்கா

செப்டம்பர் 1, ஏற்காடு

அலாஸ்கா கப்பல் பயணத்துக்கு வாங்கிய ரெயின்கோட்டைச் சோதித்துப் பார்க்கத்தான் இன்றைக்கு மலை ஏறினோம். அடிவாரத்தில் வெயில், பத்தாவது கொண்டை ஊசியில் மூடுபனி, ஒண்டிக்கடையில் சாரல். இதைவிட நல்ல சோதனைக்கூடம் சேலத்துக்காரர்களுக்கு வாய்க்காது. ஏரிக்கரையில் முக்கால் மணி நேரம் நடந்ததில் ஆறு கோட்டில் மூன்று தோற்றுவிட்டன. துணி தாங்கியது, தையல் தாங்கவில்லை. கோட்டு வாங்கும்போது உட்புறத்தைத் திருப்பி, தையல் மேல் பட்டையாக டேப் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தோள்பட்டையும் தொப்பி சேரும் இடமும்தான் முதலில் ஒழுகும்.

தென்கிழக்கு அலாஸ்காவில் செப்டம்பர் பகல் 10 முதல் 14 டிகிரி. டிசம்பர் இரவில் ஏற்காடும் கிட்டத்தட்ட அதே அளவுதான். அதனால்தான் பலரும் ஏற்காட்டுக்கு வாங்கிய ஸ்வெட்டரையே எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அங்கே ஆளை வாட்டுவது மழையும் காற்றும் சேர்ந்து வருவது. கம்பளி ஸ்வெட்டர் காற்றை விட்டுவிடும், மழையைக் குடித்துக்கொள்ளும். உடம்போடு ஒட்டிய தெர்மல், அதன்மேல் ஃப்ளீஸ், எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் தண்ணீரும் புகாத மெல்லிய கோட்டு, இந்த மூன்றடுக்கு போதும். பருத்தி பனியன் வேண்டாம், ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். ஈரமான ஜீன்ஸ் கப்பல் அறையில் ஒரு ராத்திரியில் காயாது.

பெட்டியில் போட்ட மற்றவை: ஆளுக்கு நாலு ஜோடி கம்பளி சாக்ஸ், விரல் மடங்கும் மெல்லிய கையுறை, 8 மடங்கு பைனாகுலர், பருப்புப் பொடி, தட்டுவடை. பைனாகுலரில் 10 மடங்கு வாங்கினால் ஆடும் படகில் பிம்பமும் சேர்ந்து ஆடும். எலக்ட்ரிக் கெட்டிலைக் கப்பலில் அனுமதிக்க மாட்டார்கள், வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

செப்டம்பர் 6, வான்கூவர்

கப்பல் ஏறுவது கனடா பிளேஸ் முனையத்தில். அமெரிக்கக் குடிவரவுச் சோதனை இங்கேயே முடிந்துவிடுகிறது, அலாஸ்காவில் இறங்கும்போது இல்லை. ஒரே நாளில் மூன்று கப்பல் நின்றதால் வரிசை இரண்டு மணி நேரம் நகர்ந்தது. ஓட்டல் காலை உணவிலிருந்து எடுத்து வந்த ஆப்பிளும் ஆரஞ்சும் குப்பைத் தொட்டிக்குப் போயின. பாக்கெட் பிரிக்காத தட்டுவடையை எடுத்துக் காட்டிச் சொன்னதும் விட்டுவிட்டார்கள். பழம், விதை, இறைச்சி மூன்றும் எல்லையில் சிக்கல். இருப்பதை இருக்கிறது என்று சொல்லிவிடுவதே உத்தமம்.

மாலையில் கப்பல் லயன்ஸ் கேட் பாலத்துக்கு அடியில் நுழைந்தபோது எல்லோரும் மேல்தளத்தில் நின்று படம் எடுத்தார்கள். கப்பல் நிற்கும் ஊர்களில் இறங்கிச் சுற்றிப் பார்க்கும் கரைச் சுற்றுலாவை விற்கும் மேஜைக்கு முன்னால் வரிசையே இல்லாத நேரம் அதுதான்.

அந்த மேஜையில் நிற்கும் எல்லோருக்கும் ஒரே குழப்பம். கப்பலிடம் வாங்குவதா, இறங்கி நாமே பார்த்துக்கொள்வதா? கப்பல் விலை எப்போதும் கூடுதல். ஆனால் கப்பல் விற்ற பயணத்தின் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நாமாகப் போய்த் தாமதித்தால் காத்திருக்காது. ஜூனோவும் கெச்சிக்கானும் வெளியூரோடு சாலைத் தொடர்பே இல்லாத ஊர்கள். கப்பலை விட்டால் டாக்சி பிடித்துத் துரத்த முடியாது, விமானமோ ஃபெரியோதான். அதனால் நாங்கள் வைத்துக்கொண்ட அளவுகோல் எளிது. வண்டி பழுதானால் நடந்தே கப்பலுக்குத் திரும்ப முடியுமென்றால் சொந்த ஏற்பாடு, முடியாதென்றால் கப்பலுடையது.

செப்டம்பர் 7, கடலில்

தீவுகளுக்கு நடுவே போகும்வரை கப்பல் ஏரியில் போவதுபோல் போகிறது. குயீன் சார்லட் சவுண்டில் திறந்த கடலின் அலை சில மணி நேரம் ஆட்டியது. ஏற்காடு பஸ்ஸுக்கு அவோமின் போடுகிறவர்கள் இங்கேயும் போடலாம், தலைசுற்றல் வந்த பிறகு போட்டால் பயனில்லை. தூக்கம் அள்ளும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இன்றைய முக்கிய வேலை கடிகாரம். அலாஸ்கா நேரம் வான்கூவருக்கு ஒரு மணி நேரம் பின்னால். எங்கள் கப்பல் ராத்திரி கடிகாரத்தைத் திருப்பியது. சில கப்பல்கள் திருப்புவதில்லை, அங்கேதான் ஆபத்து. கப்பல் வான்கூவர் நேரத்திலேயே இருக்க, கரையில் இறங்கியதும் போன் தானாக அலாஸ்கா நேரத்துக்கு மாறும். போனைப் பார்த்துச் சாவகாசமாக வருகிறவர் ஒரு மணி நேரம் தாமதம். அறையில் வைக்கும் தினசரித் தாளில் கப்பல் நேரம் அச்சிட்டிருக்கும், கையில் கட்டும் கடிகாரத்தை அதற்கு வைத்துக்கொண்டு போனை மறந்துவிடுங்கள். ஏரோபிளேன் மோடிலிருந்து போனை எடுக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நடுக்கடலில் கப்பலின் செல் சிக்னலைப் பிடித்துக்கொண்டால் வரும் பில், கரைச் சுற்றுலா ஒன்றின் விலைக்கு வரும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் இரவு உணவின்போதே தலைமைப் பரிமாறுபவரிடம் மறுநாளைக்குச் சொல்லிவைக்க வேண்டும். பருப்பு, உருளைக்கிழங்குக் கறி, சோறு வந்தது. காரம் போதாதென்றால் சிரித்துக்கொண்டே பச்சை மிளகாய் நறுக்கிக் கொண்டுவருகிறார்கள். தயிர் காலை பஃபேயில் இருக்கிறது, இனிப்புப் போடாத கிண்ணம் எது என்று கேட்டு எடுக்கவும்.

செப்டம்பர் 8, ஜூனோ

மாநிலத் தலைநகரம், ஆனால் எந்த நெடுஞ்சாலையும் வந்து சேராத தலைநகரம். ஒருபக்கம் கடல், மறுபக்கம் செங்குத்து மலை, அதற்கும் பின்னால் பனிவயல்.

முதலில் திமிங்கிலம். படகு கிளம்புவது ஊரிலிருந்து அரை மணி நேரம் தள்ளி இருக்கும் ஆக் பே துறையில். நடந்து திரும்பும் தூரம் இல்லை, எனவே கப்பல் மூலமே வாங்கினோம். ஆளுக்கு 200 டாலரை ஒட்டி ஆனது. இங்கே கோடையில் மேயும் கூன்முதுகுத் திமிங்கிலங்களில் பெரும்பாலானவை குளிர்காலத்தில் ஹவாய்க் கடலுக்குப் போய்விடும். 100 கெஜத்துக்குள் படகு நெருங்கக் கூடாது என்பது சட்டம். தூரத்தில் புகைபோல் எழும் மூச்சைத்தான் முதலில் தேட வேண்டும். நாலைந்து தடவை மூச்சு விடும், பிறகு முதுகை வில்லாக வளைத்து வாலை உயர்த்தும். வால் தெரிந்தால் ஆழத்துக்குப் போகிறது என்று பொருள், அடுத்த ஐந்தாறு நிமிடம் ஒன்றும் நடக்காது. கையைக் கோட்டுக்குள் விட்டுச் சூடேற்ற அதுதான் நேரம். இதைத் தெரியாதவர்கள் வெறும் தண்ணீரையே படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வாலின் அடிப்பக்க வெள்ளைத் திட்டுகளை வைத்து ஒவ்வொன்றையும் அடையாளம் சொல்கிறார் வழிகாட்டி. எங்கள் குழுவில் காலையில் அவோமின் போட்டவர் இரண்டு திமிங்கிலத்தின்போதும் ஜன்னலில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். தீவுகள் மறைத்த கடல் என்பதால் இந்தப் படகுக்கு மாத்திரையே தேவைப்பட்டிருக்காது.

அடுத்தது மெண்டன்ஹால் பனியாறு, ஊரிலிருந்து 12 மைல். திமிங்கிலத்தையும் பனியாற்றையும் சேர்த்து விற்கும் பயணங்களில் பனியாற்றுக்குக் கிடைப்பது பெரும்பாலும் முக்கால் மணி. அதில் படம்தான் எடுக்க முடியும். நகட் அருவிவரை போய்வர இரண்டு மைல், சமமான சரளைப் பாதை. நிதானமாக நடந்தால் ஒன்றரை மணி நேரம் வேண்டும். நாங்கள் துறைமுகத்தில் ஷட்டில் பஸ் டிக்கெட் தனியாக வாங்கினோம், போகவர 50 டாலருக்குப் பக்கம். சிக்கனக்காரர்களுக்கு நகர பஸ் இரண்டே டாலர். ஆனால் அது இறக்கிவிடும் இடத்திலிருந்து ஒன்றரை மைல் நடக்க வேண்டும், மழையில் அந்தச் சிக்கனம் கசக்கும்.

அருவி 377 அடி. அடியில் நின்றால் சாரல் முகத்தில் அறைகிறது, லென்ஸைத் துடைக்கத் துணி இல்லாவிட்டால் ஒரு படமும் தேறாது. பார்வையாளர் மையம் 1962-இல் திறந்தபோது பனியாறு இப்போதைவிட எவ்வளவோ கிட்டத்தில் இருந்திருக்கிறது. பனியாற்றின் பக்கவாட்டுப் பள்ளம் ஒன்றில் தேங்கும் நீர் உடைத்துக்கொண்டு 2023, 2024 ஆகஸ்ட் மாதங்களில் கீழே வீடுகளுக்குள் புகுந்தது என்று ஓட்டுநர் சொன்னார், வானிலை சொல்வதுபோல நிதானமான குரலில். கரடி நடமாட்டம் இருப்பதால் பாதையில் தண்ணீர் தவிர எதையும் தின்னவோ குடிக்கவோ கூடாது. தட்டுவடைப் பையைக் கப்பலிலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது.

மலைமேல் 1,800 அடி உயரம்வரை ஏறும் கேபிள் கார் துறைமுகத்தை ஒட்டியே இருக்கிறது. நடந்து திரும்பலாம் என்பதால் முன்பதிவு வேண்டாம், மேகம் விலகினால் மட்டும் வாங்குங்கள். இன்றைக்கு விலகவில்லை. அறுபது டாலர் கொடுத்துப் பஞ்சுக்குள் நிற்பதற்கு ஏற்காட்டில் லேடீஸ் சீட் போதும்.

செப்டம்பர் 9, ஸ்கேக்வே

ஆயிரத்துச் சொச்சம் பேர் வசிக்கும் ஊருக்கு ஒரே காலையில் அதைப் போலப் பல மடங்கு கூட்டம் இறங்குகிறது. எல்லோரும் கேட்பது அந்த ரயிலைத்தான்.

வைட் பாஸ் ரயில்பாதை தங்க வேட்டையின் மிச்சம். 1896-இல் கனடாவின் யூகானில் தங்கம் கிடைத்தது, மறு வருஷம் இந்த ஊர் வழியாக ஜனம் பாய்ந்தது. ஓராண்டுக்கான சாமான், ஏறக்குறைய ஒரு டன், இல்லாமல் கனடா போலீஸ் யாரையும் எல்லைக்குள் விடவில்லை. அதைச் சுமந்த சுமார் 3,000 குதிரைகள் வழியிலேயே செத்தன. பாதை போடத் தொடங்கியது 1898 மே, முடித்தது 1900 ஜூலை. முடித்த நேரம் வேட்டை ஓய்ந்துவிட்டது.

ஊட்டி ரயில் மீட்டர் பாதை, பல்சக்கரம் பிடித்து ஏறும். இது மூன்றடி அகலம், அதைவிடக் குறுகல். பல்சக்கரமே கிடையாது, 3.9 சதவீத ஏற்றத்தை வெறும் சக்கரப் பிடிப்பில் ஏறுகிறது. கடல் மட்டத்திலிருந்து 2,865 அடிக்கு 20 மைல். ஏறும்போது இடப்பக்கம்தான் பள்ளத்தாக்கு. வலப்பக்கம் உட்கார்ந்தவர்கள் முகம் சுருங்க வேண்டியதில்லை. உச்சியில் இருக்கையின் சாய்மானத்தைப் புரட்டிப் போட்டு, எல்லோரும் பக்கம் மாறி உட்காரச் சொல்கிறார்கள். அதில் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் பெட்டி முழுக்க எழுந்து மாறியது. ஈரக் கோட்டுகளின் ஆவியில் ஜன்னல் பத்து நிமிடத்தில் மங்கிவிடும். படம் எடுக்கிறவர்கள் பெட்டிக்கு வெளியே உள்ள திறந்த மேடையில் நில்லுங்கள், கையுறையோடு. குளிரில் போன் பேட்டரி கண்ணெதிரே இறங்கும், உள்பையில் உடம்புச் சூட்டில் வைத்துக்கொண்டால் தாங்கும்.

உச்சிவரை போய்த் திரும்பும் ரயிலில் யாரும் கீழே இறங்குவதில்லை, பாஸ்போர்ட் கேட்பதும் இல்லை. பஸ்ஸில் யூகானில் உள்ள கார்கிராஸ் வரை போகும் பயணம் வேறு. அது எல்லைச் சாவடியைக் கடக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட்டும் அதில் கனடா விசாவும், திரும்பி வர அமெரிக்க விசாவும் கையில் இருக்க வேண்டும். அறைப் பெட்டகத்தில் பாஸ்போர்ட்டை வைத்துவிட்டு வந்த ஒரு தம்பதியைப் பஸ் ஏற்றிக்கொள்ளவில்லை. அவர்கள் கப்பலுக்கு ஓடித் திரும்புவதற்குள் பஸ் போய்விட்டது. எல்லைக்கு அப்பால் நேரம் ஒரு மணி கூடும், அது நம்மைச் சீக்கிரம் கொண்டுவந்துவிடும் வகை, கெடுதல் இல்லை.

பிரதான வீதியில் ஒரு கட்டடத்தின் முகப்பு முழுக்கக் கடலில் ஒதுங்கிய குச்சிகளை ஆணியடித்து மூடியிருக்கிறார்கள், 8,000-க்கு மேல். பக்கத்துத் தெருவில் மாவைத் தட்டி எண்ணெயில் பொரித்துப் பட்டையும் சர்க்கரையும் தூவித் தருகிறார்கள். பட்டூராவுக்கு இனிப்பு போட்டதுபோல் இருக்கும். சூடாக இருக்கும்வரை அமிர்தம், ஆறினால் தோல்.

துறைமுகத்தை ஒட்டிய நகைக்கடைகள் இலவச வளையல் கூப்பனைக் கையில் திணிக்கின்றன. சீசன் முடியப் போவதால் எல்லாவற்றிலும் பாதி விலை என்று அட்டை. வெள்ளிக் கொலுசு செய்யும் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு அந்தப் பாதி விலையும் சிரிப்புத்தான். மூன்று தெரு உள்ளே போனால் உள்ளூர்க் கடைகளில் ஃபயர்வீட் பூத் தேன் கிடைக்கிறது, அதை வாங்கலாம்.

செப்டம்பர் 10, கிளேசியர் பே

இன்றைக்குக் கரை இறக்கம் இல்லை, ஆனாலும் பயணத்திலேயே அதிகம் குளிர்ந்த நாள் இதுதான். ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பலுக்குத்தான் அனுமதி. காலையில் சிறு படகில் வந்த தேசியப் பூங்கா ரேஞ்சர்கள் ஓடும் கப்பலின் ஏணியில் தொற்றி ஏறினார்கள். நாள் முழுக்க ஒலிபெருக்கியில் அவர்கள் குரல்தான்.

1750-ஐ ஒட்டி இந்த விரிகுடா முழுதும் பனியாக இருந்திருக்கிறது. பனி முன்னேறியபோது இங்கே குடியிருந்த டிலிங்கிட் மக்கள் ஊரை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. அதன் பிறகு பனி 65 மைல் பின்வாங்கியிருக்கிறது. இப்போது நாம் போவது அது காலி செய்த பாதை. மார்ஜரி பனியாறு ஒரு மைல் அகலம், தண்ணீருக்கு மேலே 250 அடி. நல்ல நீலம். அழுத்தத்தில் காற்றுக் குமிழி வெளியேறிய பனி சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது, நம் கண்ணுக்கு நீலம் மிஞ்சுகிறது.

பனி இடிந்து விழுவதைப் பார்க்க ஒரு வழி. சத்தம் கேட்டுத் திரும்பினால் பிந்திவிடும், அரை கிலோமீட்டர் தாண்டி ஒலி வர ஒன்றரை விநாடி ஆகும். பனிச்சுவரின் அடியில் சின்னச் சின்னத் துண்டுகள் உதிர்கிற இடத்தைத் தேர்ந்து அதையே பார்த்துக்கொண்டிருங்கள். பெரியது பெரும்பாலும் அங்கேதான் இறங்கும். மார்ஜரி முன்னால் கப்பல் ஒரு மணி நேரம் நின்று மெதுவாகச் சுற்றியது, எந்தப் பக்கம் நின்றாலும் முறை வரும். முதல் பத்து நிமிடத்தில் முட்டி மோதியவர்கள் குளிர் தாங்காமல் உள்ளே போன பிறகு கைப்பிடி ஓரம் காலியாக இருந்தது. பட்டாணி சூப்பைக் கோப்பையில் கொண்டுவந்து கொடுத்தார்கள், உப்பு மட்டாக இருந்தாலும் கைக்கு அந்தச் சூடு வேண்டியிருந்தது.

செப்டம்பரில் வருவதற்கு இன்னொரு லாபம்: கடல்நாய்கள் குட்டியோடு கிடப்பதால் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் என்ற கடல்கிளைக்குள் ஆகஸ்ட் 31 வரை பெரிய கப்பல்களை விடுவதில்லை. இப்போது விடுகிறார்கள்.

செப்டம்பர் 11, கெச்சிக்கான்

வருஷத்துக்குச் சுமார் 150 அங்குல மழை, அதாவது 3,800 மில்லிமீட்டர். சேலத்தில் ஏறக்குறைய நான்கு வருஷம் பெய்வது இங்கே ஒரே வருஷத்தில். இறங்கின இடத்திலேயே குடை பின்பக்கமாக மடங்கிப் போனது. உள்ளூர்க்காரர்கள் யாரும் குடை பிடிப்பதில்லை, முழங்காலுக்குக் கீழே வரும் பழுப்பு ரப்பர் பூட்ஸ்தான். 'இன்னைக்கு நல்ல நாளுங்க, தூறல்தானே' என்கிற பாணியில் பேசுகிறார் பஸ் ஓட்டுநர்.

மிஸ்டி ஃபியார்ட்ஸ் என்ற மலை சூழ்ந்த கடல்கிளைகளைப் பார்க்க மிதவை விமானத்தில் போக இருந்தவர்களுக்குக் காலை ஏழு மணிக்கே ரத்துச் செய்தி. மேகம் தாழ்ந்தால் விமானம் எழும்பாது, பணம் திரும்பி வந்துவிடும். இந்த ஊரில் விமானம் பதிவு செய்கிறவர்கள் மாற்று ஏற்பாடு ஒன்றை மனசில் வைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். எங்கள் மாற்று, இரண்டரை மைல் தெற்கே இருக்கும் சேக்ஸ்மன் ஊர்க் குலக்கம்பங்கள். நகர பஸ்ஸில் போனோம். பஸ் வராவிட்டாலும் ஒரு மணி நேரத்தில் நடந்து கப்பலைப் பிடித்துவிடலாம்.

செந்தேவதாரு மரத்தில் செதுக்கிய இந்தக் கம்பங்களைப் பார்த்ததும் ஐயனார் ஞாபகம் வந்து கை தானாகக் கூப்பப் போகும். இவை வழிபாட்டுக்கு அல்ல என்று வழிகாட்டி முதலிலேயே சொல்லிவிடுகிறார். குலச் சின்னம், இறந்தவர் நினைவு, நடந்த கதை, இப்படி வகைகள். அவமானக் கம்பம் என்றும் ஒரு வகை உண்டு. 1867-இல் அலாஸ்காவை ரஷ்யாவிடமிருந்து 72 லட்சம் டாலருக்கு வாங்கிய அமெரிக்க அமைச்சர் சேவர்ட், பிறகு அலாஸ்காவுக்கு வந்தபோது டிலிங்கிட் தலைவர் விருந்து வைத்துப் பரிசும் கொடுத்தார். சேவர்ட் அதற்கு ஈடாகத் திரும்பச் செய்யவில்லை. அதற்காக மூக்கும் காதும் சிவப்பாகத் தீட்டிய சேவர்ட் கம்பத்தின் உச்சியில் உட்கார்ந்திருக்கிறார். மொய் திரும்பி வராத கடுப்பை நாம் நோட்டுப் புத்தகத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். இவர்கள் மரத்தில் செதுக்கி ஊர் நடுவில் நட்டுவிட்டார்கள்.

திரும்பியதும் க்ரீக் ஸ்ட்ரீட். ஓடைக்கு மேலே மரக்கால்கள் நட்டுக் கட்டிய பலகைத் தெரு, முன்னொரு காலத்தில் தாசி வீதி. ஓடையில் சால்மன்கள் எதிர்நீச்சல் போடுகின்றன. பிறந்த ஓடையை வாசனையால் கண்டுபிடித்து வந்து, முட்டையிட்டுச் செத்துப்போகும். செப்டம்பரில் செத்ததுதான் அதிகம், அதன் நாற்றம் கோட்டில் ஏறிக்கொண்டு கப்பல்வரை வந்தது. கைத்தடுப்பில் ஈரம் வழுக்கும், பலகையில் பாசி. ரப்பர் அடி தேய்ந்த ஷூ இங்கே வேண்டாம். ஹாலிபட் மீன் வறுவலும் உருளை சிப்ஸும் 25 டாலரை ஒட்டி, இரண்டு பேர் தின்னலாம். சைவத்துக்கு அந்தக் கடையில் சிப்ஸ் மட்டும்.

ஷூ மூன்று ஜோடி முழுதாக நனைந்தது. கப்பலின் தினசரித் தாள்களைக் கசக்கி உள்ளே திணித்தோம், இரண்டு மணிக்கொரு தடவை மாற்றினோம். விடிந்தும் காயவில்லை.

செப்டம்பர் 12, கடலில்

கணக்குத் தீர்க்கும் நாள். கரையில் பஸ் ஓட்டுநருக்கும் வழிகாட்டிக்கும் ஆளுக்கு இரண்டு முதல் ஐந்து டாலர் டிப்ஸ் வழக்கம், சில்லறை நோட்டு கொண்டுபோகாவிட்டால் இருபதாகப் போய்விடும். கப்பல் ஊழியர் டிப்ஸ் தினமும் தானாகவே கணக்கில் ஏறியிருக்கும், பில்லைப் பார்க்காமல் மறுபடி கொடுத்துவிடாதீர்கள். பெரிய பெட்டிகளை ராத்திரியே அறைக்கு வெளியே வைக்க வேண்டும். மறுநாள் போட வேண்டிய பேன்ட்டையும் சேர்த்துப் பூட்டி வெளியே வைத்துவிட்ட ஒருவர் எங்கள் குழுவில் இருந்தார். தெர்மல் பேன்ட்டோடு வான்கூவரில் இறங்கினார்.

செப்டம்பர் 15, சேலம்

வெயில் 34 டிகிரி. கெச்சிக்கானில் நனைந்து நாலு நாளாகக் காயாத ஷூ, அம்மாப்பேட்டை மொட்டை மாடியில் அரை மணியில் காய்ந்தது. சால்மன் வாசனை மட்டும் போகவில்லை.